வீங்குதொட்டி நூல்

பாயிரம்

நூல் எழுதத் துணிந்தவர் அதன் எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. இந்நூலின் எல்லை: வடக்கே ஸ்பீடாமீட்டர், தெற்கே சீட்டின் நுனி, கிழக்கிலும் மேற்கிலும் ஓட்டுபவரின் இரண்டு முழங்கால்கள். இதற்குள் அடங்கிய மேட்டு நிலத்துக்குப் பெட்ரோல் டேங்க் என்று பெயர். கேட்போர், அந்த மேட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட முடியாமல் நிற்பவர்கள். பயன், அவர்களில் ஒருவராவது தவறான மருந்தை உள்ளே ஊற்றாமல் இருப்பது.

வீங்குதொட்டி என்பது வினைத்தொகை. வீங்கிய தொட்டி, வீங்குகின்ற தொட்டி, வீங்கும் தொட்டி என மூன்று காலத்துக்கும் விரியும். பள்ளியில் இந்த இடத்தில் தூங்கியவர்கள்கூட, நைலான் டேங்க் வைத்த வண்டி ஒன்றை வாங்கிவிட்டால், வினைத்தொகையை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

நூல் என்ற சொல்லுக்குப் பட்டறைகளில் வேறொரு பொருள் உண்டு. தச்சரும் லேத்காரரும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். மூன்று மில்லிமீட்டரும் கொசுறும். இந்த நூல் பிறந்ததற்குக் காரணம் அந்த நூல் நாலுதான். கோயம்புத்தூரில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்து, இப்போது கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் கம்ப்யூட்டரோடு பிழைக்கும் நண்பர் ஒருவர், ஐரோப்பிய வண்டி ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். வண்டியின் பெயர் நமக்கு வேண்டாம். ஏர் ஃபில்டர் பார்க்க டேங்கைக் கழற்றியவர் இரவு எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க, கழட்டறப்ப வந்த போல்ட்டு மாட்டறப்ப வரமாட்டேங்குதுங்க. துளை நாலு நூல் தள்ளி நிக்குது. டேங்க் வளருங்களா?"

நான் சிரித்தேன். அது என் தவறு. டேங்க் வளரும்.

அடுத்த ஒரு வாரத்தில் அவருக்கு மூன்று வைத்தியம் கிடைத்தது. டேங்கைக் காலிசெய்து காயப்போடு என்றார் ஒருவர். உள்ளே எபாக்ஸி பூசு என்றார் இன்னொருவர். ஒன்றும் செய்யாதே, எல்லா பிளாஸ்டிக்கும் அப்படித்தான் என்றார் மூன்றாமவர். மூவரும் அனுபவசாலிகள், மூவரும் சொன்னது உண்மை. ஆனால் மூன்றும் மூன்று வேறு நோயாளிகளுக்கான மருந்து. ஆகவே,

முதல் நூற்பா: பிளாஸ்டிக் என்பது ஓரினம் அன்று.

இதை நிறுவுவதே நூல் முழுதும். மற்றதெல்லாம் உரை.

எழுத்தியல்

டேங்குகளை வல்லினம், மெல்லினம், இடையினம், உயிர்மெய், ஆய்தம் எனப் பகுத்தால் குழப்பம் பாதி தீரும்.

இரும்புத் தகடு வல்லினம். நம் ஊர் வண்டிகளில் பெரும்பான்மை இதுவே. வீங்காது, துருப்பிடிக்கும்.

பாலித்தீன் மெல்லினம். வீட்டில் தண்ணீர் பிடிக்கும் குடத்தின் உறவினர். காடு மேடு ஓடும் பந்தய வண்டிகளில், விழுந்தாலும் நசுங்காது என்பதற்காக வைப்பார்கள். 1973இல் இத்தாலியில் தொடங்கிய அசெர்பிஸ் நிறுவனம் இந்த இனத்துக்குப் பேர்போனது.

நைலான் இடையினம். இரும்பு அளவுக்கு விறைப்பும் இல்லை, குடம் அளவுக்குக் குழைவும் இல்லை. பெயின்ட் பிடிக்கும், பார்த்தால் இரும்பு என்றே தோன்றும். காந்தத்தை வைத்துப் பார்த்தால்தான் குலம் தெரியும்.

கண்ணாடியிழை உயிர்மெய். இழை மெய், அதைக் கட்டிப்பிடித்திருக்கும் பாலியெஸ்டர் ரெசின் உயிர். இந்த உவமையைப் பின்னால் பயன்படுத்தப்போகிறேன், நினைவில் வைத்துக்கொள்க. 1967இல் வந்த நார்ட்டன் கமாண்டோவின் ஃபாஸ்ட்பேக் வடிவத்திலும், ஸ்பெயினின் புல்டாகோ வண்டிகள் பலவற்றிலும் இந்த டேங்க்தான்.

அலுமினியம் ஆய்தம். தனித்து நிற்கும், அரிதாக வரும். விலையைக் கேட்டால் தொண்டையில் எழும் ஒலியும் ஏறக்குறைய அதுவே.

புணரியல்

பெட்ரோலும் தண்ணீரும் புணரா. ஒரே பாத்திரத்தில் ஊற்றினாலும் தனித்தனியே நிற்கும் இரு சொற்கள் அவை. எத்தனால் என்பது இவ்விரண்டுக்கும் நடுவே வரும் சாரியை. அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை பெட்ரோலைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அதனால் எத்தனால் கலந்த பெட்ரோல், தூய பெட்ரோலால் முடியாத அளவு தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. டேங்க் மூச்சுவிடும் துளை வழியே வரும் ஈரக்காற்றே அதற்குப் போதும்.

சாரியைக்கும் ஒரு வரம்பு உண்டு. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், மிதமான குளிரில், நூறு லிட்டருக்கு அரை லிட்டர் அளவில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனால் கட்சி மாறும். பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே ஆக்டேன் குறைந்த பெட்ரோல், கீழே தண்ணீர்ச் சாராயம். பெட்ரோல் டேப் உறிஞ்சுவது கீழிருந்துதான். மழைக்காலம் முழுதும் மூலையில் நின்ற வண்டி ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கம். வண்டிக்காரர் ஸ்பார்க் பிளக்கைத்தான் குற்றம் சொல்வார்.

இந்தச் சாரியை அமெரிக்க டேங்குகளுக்குள் நுழைந்த கதை சிறியது, ஆனால் சுவையானது. முன்பு அங்கே பெட்ரோலில் எம்டிபிஇ என்றொரு ஆக்சிஜன் சேர்ப்பியைக் கலந்தார்கள். அது நிலத்தடி நீரில் இறங்கியது. 1996இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளை மூட வேண்டிவந்தது. 2004 பிறந்தபோது கலிபோர்னியா, நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் எம்டிபிஇ தடைப்பட்டிருந்தது. அதன் இடத்தை எத்தனால் பிடித்தது. 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் நாடு முழுதும் அதற்குச் சிம்மாசனம் போட்டுக்கொடுத்தது. கிணற்றைக் காப்பாற்றச் செய்த மாற்றம் டேங்கில் வந்து தண்ணீராக முடிந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உரையாசிரியர்கள் இப்படிப்பட்ட அழகுக்காகவே பல இடங்களில் பொய் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்வது ஓரளவு உண்மை.

சொற்கள் புணரும்போது நேரும் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். எத்தனால் பெட்ரோலும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும்போதும் மூன்றேதான். இது தற்செயலா, இலக்கணக்காரர்களின் தீர்க்கதரிசனமா என்பதை ஆராய்ச்சி மாணவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

தோன்றல் இயல்

நூற்பா: இல்லாத நீளம் நைலானில் தோன்றும்.

நைலானின் சங்கிலிகள் அமைடு என்னும் கணுக்களில் ஒன்றையொன்று கைகோத்து நிற்கின்றன. தண்ணீர் அந்தக் கைகளுக்கு நடுவே புகும், எத்தனாலும் புகும். கைகள் விலகும், சங்கிலிகள் தள்ளி நிற்கும், மொத்தமும் பெருக்கும், கொஞ்சம் தளரும். உலர்ந்த நைலான்-6 நூறு கிராமைத் தண்ணீரில் முழுக்க ஊறவிட்டால் 9 கிராம் வரை குடித்துவிடும். மழைக்காலத்தில் கதவு நிலையோடு சிக்கிக்கொள்கிறதே, அந்தக் குணம்தான். ஆனால் கதவுக்கு ஆண்டில் ஒரு மழைக்காலம். நைலான் டேங்குக்கோ உள்ளே எப்போதும் ஐப்பசி.

கணக்கையும் போட்டுவிடுவோம். 60 சென்டிமீட்டர் நீள டேங்க் நூற்றுக்கு இரண்டு பெருத்தால் 12 மில்லிமீட்டர். ஏறக்குறைய நாலு நூல். நண்பரின் போல்ட் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் நைலானை ஏன் தேர்ந்தார்கள்? இங்கேதான் இந்நூலின் சோகரசம் இருக்கிறது. பாலித்தீன் வழியே பெட்ரோல் ஆவி மெல்லக் கசிந்து வெளியேறும். நைலான் அதைத் தடுப்பதில் கெட்டிக்காரன். அமெரிக்காவில் 2008 முதல், சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளின் டேங்குச் சுவர் வழியே ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிராமுக்கு மேல் ஆவி கசியக் கூடாது என்று விதி. பெட்ரோலுக்குக் கதவைச் சாத்தும் பொருள் என்ற வகையில் நைலானுக்கு நற்சான்று கொடுக்கலாம். சாராயம் அந்தக் கதவைத் தட்டும் என்பதைத்தான் சான்று கொடுத்தவர்கள் சரியாக யோசிக்கவில்லை. தகட்டை அழுத்தப் பெரிய அச்சும் பிரஸ்ஸும் வேண்டாம், வளைவு நெளிவு எப்படி வேண்டுமானாலும் வார்க்கலாம் என்பது கூடுதல் கவர்ச்சி. பியேர் டெர்பிளான்ஷ் வடிவமைத்த டுகாட்டியின் ஸ்போர்ட் கிளாசிக் வண்டிகளைப் பார்த்தவர்கள் அந்த டேங்கின் வளைவை எளிதில் மறக்க மாட்டார்கள். அந்த வளைவு அமெரிக்காவில் மேலும் வளைந்தது. அந்நிறுவனத்தின் பிளாஸ்டிக் டேங்குகள் எத்தனாலால் உருக்குலைகின்றன என்று கலிபோர்னியாவில் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். உத்தரவாதக் காலத்தை நீட்டித்து டேங்கை மாற்றித்தருவது என்று சமரசமாயிற்று. மாற்றித் தந்ததும் நைலானே என்று உடைமையாளர்கள் முணுமுணுத்தார்கள். வினைத்தொகையில் எதிர்காலமும் அடங்கும் என்று முன்பே சொன்னேன்.

அறிகுறிகள்: முன்பக்கக் கொக்கி எட்டாது. பின்பக்க போல்ட் துளைக்கு நேர் வராது. ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினால் முட்டும். அடிப்பகுதி தொங்கி ஃபிரேமில் உரசும். பெயின்ட் கொப்புளிக்கும், உரச உரச அந்த இடத்தில் சுவர் தேயும். இது முற்றினால் ஒழுகலில் முடியும். எஞ்சின் சூட்டின் மேல் ஒழுகும் பெட்ரோலைப் பற்றி நகைச்சுவையாக எழுதக்கூடாது என்பதால் அதை இத்துடன் விடுகிறேன்.

மருந்து: பெட்ரோலை வடித்து, பம்பைக் கழற்றி, டேங்கைத் திறந்த வாயோடு காற்றோட்டமான இடத்தில் வாரக்கணக்கில் விட வேண்டும். சின்ன ஃபேன் ஒன்றை எதிரே வைக்கலாம். வந்த விருந்தாளிகள் மெல்லக் கிளம்புவார்கள்; கைகள் மீண்டும் கோத்துக்கொள்ளும்; டேங்க் சுருங்கும். முழுக்கப் பழைய அளவுக்கு வராது, பெரும்பகுதி வரும். அவசரப்பட்டு ஹேர் டிரையரையோ ஹீட்டரையோ காட்டுவோருக்கு இந்நூல் பயன்படாது; பெட்ரோல் ஆவி நிறைந்த டேங்குக்கும் வெடிகுண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லை. பம்பின் ஓ-ரிங்கையும் கவனிக்க வேண்டும். கழற்றியதும் அதுவும் பெருத்து, இருந்த பள்ளத்தில் திரும்ப உட்காராது. புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டே கழற்ற வேண்டும். நண்பர் இதைக் கேட்காமல் கழற்றி, நாலு டாலர் ரப்பர் வளையத்துக்காக ஒன்பது நாள் காத்திருந்தார்.

காய்ந்த பிறகு உள்ளே எபாக்ஸி பூசலாம் என்பார் உண்டு. முழுக்கக் காய்ந்திருந்தால் பிடிக்கலாம். ஈரம் மிச்சமிருந்தால் பூச்சு உரிந்து, பெட்ரோல் ஃபில்டரில் வந்து தாயம் ஆடும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைக்கும் பம்பைத் தேடிப் போவதே மேல். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கிடைக்கிறது, கலிபோர்னியாவில் அதற்கு அலைய வேண்டும். முடியாதவர்கள், ஓட்டாத மாதங்களில் டேங்கைக் காலியாக வைக்கலாம். பாட்டிலில் வரும் திரவங்களை ஊற்றினால் நைலான் தண்ணீர் குடிப்பதை விட்டுவிடும் என்று நம்புவது, குடிகாரரின் பாக்கெட்டில் விபூதி வைப்பது போல. மனசுக்கு ஆறுதல், அவ்வளவே.

கெடுதல் இயல்

நூற்பா: உயிர் போக மெய் நிற்கும்.

கண்ணாடியிழை டேங்கில் எத்தனால் செய்வது வீக்கம் அன்று, கொலை. அந்தக் காலத்துப் பாலியெஸ்டர் ரெசின், வெறும் பெட்ரோலை மனத்தில் வைத்து ஊற்றப்பட்டது. எத்தனால் அதை மென்மையாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துப்போகும். எஞ்சுவது கண்ணாடி இழை. உயிர் பிரிந்த மெய். இதில் விசித்திரம், டேங்க் வெளியே நன்றாகவே இருக்கும். சாவு வேறு வீட்டில் நடக்கும். கரைந்த ரெசின் பெட்ரோலோடு ஓடி, கார்புரேட்டரில் பிசினாகப் படிந்து, வால்வுக் காம்பில் ஒட்டி, ஒரு காலை எஞ்சின் சூடு ஆறியதும் கெட்டிப்பட்டு வால்வைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் வால்வைத்தான் பார்ப்பார். டேங்கைப் பார்க்கத் தோன்றாது.

இதை முதலில் பெரிய அளவில் கண்டுகொண்டவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள் அல்லர், படகுக்காரர்கள். 2004இல் எம்டிபிஇ போய் எத்தனால் வந்ததும், நியூயார்க், கனெக்டிகட் கரையோரப் பழைய படகுகளின் கண்ணாடியிழை டேங்குகள் கரைந்து, எஞ்சினுக்குள் கறுப்புப் பிசின் இறங்கியது. கடலில் கற்ற பாடம் கரைக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோலே 10 சதவீத எத்தனால் கலந்ததாக மாறியபோது, பழைய வண்டிக்காரர்கள் இதைத்தான் சொல்லிப் புலம்பினார்கள். அங்கே 1973 ஜூலை முதல் வந்த வண்டிகளுக்கு உலோக டேங்க்தான் என்று விதியே போட்டுவிட்டார்கள். எத்தனாலுக்கு அஞ்சி அல்ல. விழுந்தால் உடையும், உடைந்தால் எரியும் என்று அஞ்சி. பிழையான காரணத்துக்காகச் சரியான முடிவு எடுத்த அரசாங்கங்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

மருந்து: இங்கே காயப்போடுவது பயனற்றது. கரைந்த உயிர் காற்றாடினால் திரும்பி வராது. எபாக்ஸி, அதிலும் நோவலாக் வகை, இந்த நோயாளிக்கே உரியது. கரைந்தது இன்னும் கொஞ்சம்தான் என்றால், பழைய பிசுபிசுப்பைச் சுரண்டி எடுத்து, உலர்த்தி, உள்ளே முழுக்கப் பூசினால் பிழைக்கும். சுவரை விரலால் அழுத்தினால் குழிகிறது என்றால் இரும்பிலோ அலுமினியத்திலோ அதே வடிவத்தில் ஒன்றைத் தட்டச் சொல்லிவிட்டு, பழையதை ஷோகேஸில் வைப்பதே மரியாதை.

திரிதல் இயல்

நூற்பா: மெல்லினம் திரியும், பழி எத்தனாலுக்கு.

பாலித்தீன் டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு அடியில் அப்பளம்போல் கொப்புளம் வந்ததும், எத்தனாலைத் திட்டாத வண்டிக்காரர் இல்லை. இந்த ஒரு வழக்கில் எத்தனால் நிரபராதி. பாலித்தீனுக்கும் ஆல்கஹாலுக்கும் ஒட்டுறவு குறைவு. சுவர் வழியே ஊடுருவுவதும், சற்றே பெருக்கவைப்பதும், ஸ்டிக்கரைத் தூக்குவதும் பெட்ரோலின் ஹைட்ரோகார்பன்களே. அவை எத்தனால் பிறக்குமுன்னும் இதைச் செய்தன. அதனால்தான் இந்த டேங்குகளுக்குப் பெயின்ட் அடிப்பதில்லை, நிறத்தைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்து வார்க்கிறார்கள்; ஸ்டிக்கரிலும் ஆவி வெளியேறப் பொடித்துளைகள் போடுகிறார்கள். கசிவைக் குறைக்க உட்சுவரை ஃபுளோரின் வாயுவால் பதப்படுத்துவதும், கார் டேங்குகளில்போல நடுவே ஒரு தடுப்பு அடுக்கு வைப்பதும் உண்டு.

மருந்து வேண்டாம். மூன்றாவது வைத்தியர் சொன்னபடி சும்மா இருந்தால் போதும். விரிசல் விட்டால் மட்டும் கவனம்: எம்-சீலோ எபாக்ஸியோ இதில் ஒட்டாது. ஒட்டியதுபோல் நடித்து, நடுவழியில் கழன்று விழும். பாலித்தீனுக்குப் பாலித்தீனே மருந்து. நம் தெருக்களில் முன்பு குடம் ஓட்டை அடைப்பவர் வருவார்; பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பழைய பிளாஸ்டிக் துண்டை உருக்கி ஓட்டையில் இழைத்துவிடுவார். அமெரிக்காவில் இதையே பிளாஸ்டிக் வெல்டிங் என்று பலகை மாட்டிச் செய்கிறார்கள். ஒரே வேறுபாடு, குடத்தில் இருந்தது தண்ணீர். டேங்கைக் கழுவி ஆவி போக்காமல் காய்ச்சிய கம்பியோடு அருகே போகிறவர், தோன்றல் இயலின் ஹீட்டர்காரரோடு ஒரே வகுப்பில் அடங்குவார்.

ஒழிபியல்

மேலே அடங்காதவை.

இருபது சதவீத எத்தனால் வந்ததும் நம் ஊரில் எழுந்த கூச்சலில் பாதி, மேற்கண்ட மூன்று இயல்களையும் வல்லினத்தின் தலையில் சுமத்தியதால் வந்தது. நம் இரும்பு டேங்க் வீங்காது, கரையாது. நீண்ட நாள் நின்ற வண்டியில் அடியில் தேங்கும் தண்ணீர்ச் சாராயத்தால் துருப்பிடிக்கும். பழைய வண்டியில் பெட்ரோல் டேப்பின் வாஷர், கார்புரேட்டர் ரப்பர்கள், ட்யூப் ஆகியவை ஊறி உப்பலாம். அது டேங்கின் நோயன்று, அதன் உறவினர்களின் நோய். எத்தனாலுக்கென்றே தேர்ந்த பொருளில் செய்தால் ஒரு தொல்லையும் இல்லை என்பதற்கு 2009இல் பிரேசிலில் வந்த ஹோண்டா சிஜி 150 டைட்டன் மிக்ஸ் சாட்சி; பெட்ரோலோ ஆல்கஹாலோ எதை ஊற்றினாலும் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் அது. டிவிஎஸ்ஸும் 2019இல் முழு எத்தனாலில் ஓடும் அப்பாச்சி ஒன்றைக் கொண்டுவந்தது. சாராயம் குடித்தும் நிதானம் தவறாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இரண்டொருவர் இருக்கத்தானே செய்கிறார்கள்.

வண்டிக்காரர்களையும் வகுக்காமல் விட்டால் நூல் குறைபடும். மறுப்போர், "முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது" என்பார். அளப்போர், மாதாமாதம் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவார், மருந்து செய்ய மாட்டார். தள்ளுவோர், வீக்கம் தெரியாத காய்ந்த வாரமாகப் பார்த்து வண்டியை விற்றுவிடுவார். என் நண்பர் வாங்கியது தள்ளுவோர் ஒருவரிடம்.

நண்பர் கடைசியில் முதல் வைத்தியரின் பேச்சைக் கேட்டார். டேங்க் நைலான்தான் என்று உறுதி செய்துகொண்டு, அதைக் கராஜ் மூலையில் இரண்டு மரக்கட்டைமேல் கவிழ்த்து வைத்தார். எட்டு வாரம் கழித்துப் போன் வந்தது.

"மூணு நூல் இறங்கிருச்சுங்க."

"இன்னொரு நூல்?"

"அது வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க." பின்னணியில் கரகரவென்று சத்தம் கேட்டது. டேங்கில் கைவைக்காமல், ஃபிரேமின் பிடிப்புத் தகட்டில் இருந்த துளையை உருட்டு அரத்தால் நீட்டிக்கொண்டிருந்தார். "ஒரு நூல்தானுங்க. அப்பா பட்டறையில இதுக்கெல்லாம் காசே வாங்க மாட்டாரு."